தூரத்து வழக்கும் திரைவழி விசாரணையும்
மணமுறிவு வழக்குகளில் காணொலி வந்த வரலாறு

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் கல்யாணம் என்பது பெரும்பாலும் இரண்டு ஊர்க் காரியம். மாப்பிள்ளை மும்பையிலோ புனேயிலோ வேலையில் இருப்பார். பெண் வந்தவாசி, கும்பகோணம், கோவில்பட்டி என்று எங்கிருந்தாவது வருவாள். எல்லாம் நல்லபடியாக நடக்கும்போது அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. ரயில் ஏறினால் மறுநாள் ஊர். அந்தக் கல்யாணம் முறிந்து வழக்கு என்று வந்துவிட்டாலோ, அதே தூரம் பெரும் பாரமாகிவிடுகிறது. யாருடைய ஊரில் வழக்கு? யார் ரயில் ஏறுவது? யார் லீவு போடுவது? இந்த மூன்று கேள்விகளுக்கும் நம் நாட்டு நீதிமன்றங்கள் காலந்தோறும் சொல்லி வந்த பதில்களின் வரலாறே இக்கட்டுரை.

நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆரணிப் பட்டு மொத்த வியாபாரம் செய்பவன். மாதுங்காவுக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரங்களில் தீர்ப்புகளை முழுசாகப் படிக்கும் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. பத்திரிகைத் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, ‘இனிமே டைவர்ஸ் எல்லாம் போன்லயே முடிஞ்சிடுமாம்’ என்று நம்மவர்கள் பேசிக்கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை என்பதை வரலாற்று முறையில் எடுத்துச் சொல்வது நலம் என்று தோன்றியது.

பஞ்சாயத்திலிருந்து கோர்ட்டுக்கு

மணமுறிவு என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பல சமூகங்களில் ‘தீர்த்துவிடுதல்’ என்பது பழைய வழக்கம்தான். ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள். இரு தரப்பும் எதிரெதிரே உட்காரும். கொடுத்தது வாங்கியது பேசித் தீர்க்கப்படும். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பத்து மைல் வட்டத்துக்குள் என்பதால், எந்த ஊரில் பேசுவது என்ற கேள்வி எழவில்லை.

எழுத்துச் சட்டம் பிறகு வந்தது. பரோடா சமஸ்தானத்தில் 1931இலும், பம்பாய் மாகாணத்தில் 1947இலும், சென்னை மாகாணத்தில் 1949இலும் இந்துக்களுக்கான மணமுறிவுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவற்றுக்குப் பின் நாடு முழுவதற்குமாக வந்ததே 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம். அதன் 2ஆம் பிரிவின்படி எங்களைப் போன்ற சமணர்களும், பௌத்தர்களும், சீக்கியர்களும் அச்சட்டத்துக்குள் அடக்கம். 29ஆம் பிரிவு பழைய வழக்கப்படியான மணமுறிவு உரிமையைக் கைவைக்காமல் விட்டது. இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான 13-பி பிரிவு 1976இல் சேர்க்கப்பட்டது. 1984இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது.

இந்த 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் நம் கதைக்கு முக்கியம். 9ஆம் பிரிவு, முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது. 11ஆம் பிரிவு, இருவரில் ஒருவர் கேட்டாலும் விசாரணையை மூடிய அறையில் நடத்தியே ஆக வேண்டும் என்கிறது. பிற்காலத்தில் காணொலியை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் இந்த இரண்டு பிரிவுகளைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடினார்கள்.

எந்த ஊரில் வழக்கு?

கல்யாணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய இவற்றில் ஒன்றில் வழக்குப் போடலாம் என்பது இந்துத் திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு வகுத்த பொது விதி. நம் பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து வாழ்வது மும்பை, டெல்லி, பெங்களூரு என்று வெளியூரில். சண்டை வந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். கணவன் தான் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போட்டுவிடுவான். சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆயினும் அந்தப் பெண் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து போக வேண்டியிருந்தது.

இதை உணர்ந்துதான் 2003இல் ஒரு திருத்தம் செய்தார்கள். மனைவி வழக்குப் போடுவதானால், தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்று ஆயிற்று. இது நல்ல திருத்தம்தான். ஆனால் கணவன் முந்திக்கொண்டு தன் ஊரில் போட்டுவிட்டால் இந்தத் திருத்தம் அவளுக்கு உதவாது. அப்போது அவளுக்கு இருந்த வழி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், வழக்கை என் மாநிலத்துக்கு மாற்றிக் கொடுங்கள் என்று மனுப் போடுவது. திண்டிவனத்துப் பெண் நாக்பூர் வழக்கைத் தவிர்ப்பதற்கு டெல்லிக்கு வக்கீல் வைக்க வேண்டும்!

உச்ச நீதிமன்றம் இத்தகைய மனுக்களில் பெண்ணின் சிரமத்தைப் பெரிதாகக் கருதி வழக்கை மாற்றிக் கொடுத்தே வந்தது. 2006இல் ஒரு தீர்ப்பில் அந்த நீதிமன்றமே சொன்ன கணக்கு: புதிய மனுக்களை எடுத்துக்கொள்ளும் நாளில் ஒவ்வொரு அமர்வின் முன்னும் சராசரியாக 10 முதல் 15 மாற்று மனுக்கள் வருகின்றன. இந்தச் சலுகையைச் சிலர் தவறாகப் பயன்படுத்துவதாகவும் அப்போது நீதிபதிகள் வருந்தினார்கள். வழக்கு மாறினாலும் தூரம் குறைவதில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இது வரை பெண் ஏறிய ரயிலில் இனிமேல் பையன் ஏறுவான். பாரம் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

‘நேரில்’ என்றால் என்ன?

கோர்ட்டில் ஆள் நேரில் நிற்க வேண்டும் என்பதை மாற்ற முடியாத விதி என்று நாம் எண்ணுகிறோம். பழைய சட்டத்தைப் புரட்டினால் அப்படி இல்லை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், வழக்கப்படி பொது இடத்துக்கு வராத பெண்களுக்கு நேரில் வருவதிலிருந்து 132ஆம் பிரிவில் விலக்குக் கொடுத்தது. தூரத்தில் இருக்கும் சாட்சியிடம் கமிஷனர் ஒருவரை அனுப்பி வாக்குமூலம் பதிவு செய்துகொள்ளும் முறையும் அதே சட்டத்தில் உண்டு. அதாவது சாட்சி கோர்ட்டுக்குப் போக முடியாவிட்டால் கோர்ட் சாட்சியிடம் போகலாம் என்ற கருத்து நூறு வருஷத்துக்கும் மேல் பழையது.

திரை வழியாகச் சாட்சி சொல்லலாம் என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2003 ஏப்ரல் மாதத்தில். அது மணமுறிவு வழக்கு அன்று. மும்பையில் ஒரு புற்றுநோய் மருத்துவர்மீது தொடரப்பட்ட குற்றவியல் வழக்கு. சாட்சி அமெரிக்காவில் இருந்த மருத்துவர். அவர் இங்கே வர மறுத்துவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவரின் ‘முன்னிலையில்’ சாட்சியம் பதிவாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே, திரையில் தெரிந்தால் அது முன்னிலை ஆகுமா என்பது கேள்வி. ஆகும் என்றார்கள் நீதிபதிகள். (அந்த மருத்துவர் 2013இல் விடுதலை செய்யப்பட்டார் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.) குற்றவியலிலேயே கூடும் என்றால் குடும்ப வழக்கில் ஏன் கூடாது என்ற பேச்சு அதற்குப் பின் வலுத்தது.

2017: ஏழே மாதங்கள்

இந்த வரலாற்றின் நடுப்பகுதி முழுவதும் ஒரே ஆண்டில் நடந்தது.

2017 மார்ச் 9ஆம் தேதி, நீதிபதிகள் ஆதர்ஷ் குமார் கோயல், யு.யு. லலித் இருவரும் ஒரு மாற்று மனுவில் தீர்ப்புச் சொன்னார்கள். கணவர் வழக்குப் போட்ட ஊர் ஜபல்பூர். மனைவி இருந்த ஊர் ஐதராபாத். இப்படி வழக்குகளை ஊர் ஊராக மாற்றிக்கொண்டே இருப்பதற்குப் பதில், கீழ் நீதிமன்றங்களே தூரத்தில் இருப்பவருக்கு நான்கு ஏற்பாடுகளைச் செய்து தரலாமே என்றார்கள். காணொலி வசதி, சட்ட உதவி, பயணத்துக்கும் தங்குவதற்கும் ஆகும் பணத்தை முன்கூட்டிக் கட்டச் செய்தல், கோர்ட்டைத் தொடர்புகொள்ள மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ கொடுத்தல் என்பவை அந்த நான்கு. பத்திரிகைகள் முதலாவதை மட்டும் பெரிதாகப் போட்டன. மற்ற மூன்றும் எவர் கண்ணிலும் படவில்லை.

ஐந்து மாதங்கள் கழித்து, ஆகஸ்டில், வேறொரு மாற்று மனுவில் நீதிபதி குரியன் ஜோசப், நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஆர். பானுமதி ஆகிய இருவரும் இந்தத் தீர்ப்பை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றார்கள். குடும்ப வழக்கில் நீதிபதிக்குத் தீர்ப்புச் சொல்வதோடு வேலை முடிவதில்லை. இருவரையும் சேர்த்துவைக்க முயல்வதும் அவர் கடமை. அதைத் திரையில் செய்ய இயலுமா, மூடிய அறையின் ரகசியம் திரையில் காக்கப்படுமா என்பது அவர்கள் கவலை.

இதற்கிடையில் செப்டம்பர் 12ஆம் தேதி, மார்ச் தீர்ப்புத் தந்த அதே கோயல், லலித் அமர்வு இன்னொரு தீர்ப்பை வழங்கியது. மனமொத்துப் பிரிபவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தக்க காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்றும், அத்தகைய வழக்குகளில் காணொலியைப் பயன்படுத்தலாம் என்றும் அது கூறியது.

அக்டோபர் 9ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அப்போதைய தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவும் நீதிபதி கான்வில்கரும் ஒரு பக்கம். நீதிபதி சந்திரசூட் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இது: மாற்று மனுவில் காணொலி விசாரணைக்கு உத்தரவிடக் கூடாது. சமரச முயற்சி தோற்ற பிறகு, இருவரும் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் குடும்ப நீதிமன்றம் காணொலியை அனுமதிக்கலாம். நீதியின் பொருட்டுத் தேவை என்று அந்த நீதிமன்றம் கருதினாலும் அனுமதிக்கலாம். மார்ச் தீர்ப்பு இந்த அளவுக்கு ரத்தாகிறது. சந்திரசூட் தம் மாறுபட்ட தீர்ப்பில், தொழில்நுட்பத்தைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை, எந்தக் கட்டத்தில் காணொலி வேண்டும் என்பதைக் குடும்ப நீதிமன்றமே முடிவு செய்யட்டும் என்றார்.

பெரும்பான்மைத் தீர்ப்பின் காரணங்களை லேசாகத் தள்ளிவிட முடியாது. அந்தரங்கமான பேச்சு வெளியே கசிந்தால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண். இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இந்த விசாரணைகளை அச்சிட்டு வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் அபராதம் 1,000 ரூபாய் வரை. கையில் செல்போன் இல்லாத காலத்துக்கு அந்தத் தொகை போதுமாக இருந்திருக்கலாம்! 2018 செப்டம்பரில் நீதிமன்ற விசாரணைகளை நேரலையில் காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோதும், மணவாழ்க்கை வழக்குகளுக்கு அது கூடாது என்று விலக்கு வைத்ததை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கொரோனா திறந்த கதவு

2020 மார்ச்சில் நாடே அடைபட்டது. ஏப்ரல் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, நாடு முழுவதும் நீதிமன்றங்கள் காணொலியில் இயங்குவதற்கு வழிசெய்தது. இரு தரப்பும் ஒப்பினால்தான் என்று 2017இல் வைத்த கட்டுப்பாடு, எல்லா விசாரணையுமே திரையில் நடந்த நாட்களில் எப்படி நிற்கும்? உத்தரப் பிரதேசத்திலிருந்து டெல்லிக்கு மாற்றக் கோரிய ஒரு மணமுறிவு வழக்கில், 2017இன் தீர்ப்பைச் சுட்டிக்காட்டிய பிறகும், அன்றைய சூழ்நிலை கருதிக் காணொலியிலேயே விசாரிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது.

அதே காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் மின்-குழு மாதிரி விதிகளை வகுத்தது. பல உயர் நீதிமன்றங்கள் அவற்றையொட்டித் தத்தம் விதிகளை அமைத்துக்கொண்டன. கோர்ட் இருக்கும் இடத்தில் ஒரு பொறுப்பாளர், சாட்சி இருக்கும் இடத்தில் ஒரு பொறுப்பாளர். சாட்சி வெளிநாட்டில் இருந்தால் நம் தூதரக அதிகாரி. சாட்சிக்கு எவரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது, அனுமதியின்றிப் பதிவு செய்யக் கூடாது என்பன அவ்விதிகளின் சாரம். 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை மின்-நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. ஆகவே கருவி இல்லை என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. எப்படிப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

ஒரு நோட்டுப் புத்தகம்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெண் வட ஆர்க்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. வழக்கு வடக்கே ஒரு நகரத்தில். அவளுடைய அப்பா என் வியாபார வட்டத்து மனிதர்; எதையும் எழுதிவைப்பவர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் கட்டணம், ஆட்டோ, லாட்ஜ், சாப்பாடு என்று ஒரு பக்கம் எழுதி, எதிர்ப்பக்கத்தில் அன்று கோர்ட்டில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுவார். அந்த நோட்டை என்னிடம் காட்டினார். செலவுப் பக்கம் நிறைந்து கிடந்தது. எதிர்ப்பக்கத்தில், ‘ஜட்ஜ் லீவு’, ‘எதிர் வக்கீல் டைம் கேட்டார்’, ‘ஸ்ட்ரைக்’, ‘மறுபடி டைம்’. பத்தொன்பது தடவை போனதில் நாலு தடவைதான் ஏதாவது நடந்திருக்கிறது. ‘வியாபாரமா இருந்தா இந்தப் பார்ட்டியை எப்பவோ விட்டிருப்பேன்’ என்றார்.

கொரோனாக் காலத்தில் அந்த வழக்கு திரைக்கு வந்தது. செலவு நின்றது. வீட்டுக் கூடத்தில் செல்போனைச் சாய்த்து வைத்து அந்தப் பெண் சாட்சி சொன்னாள். போனுக்குப் பின்னால் அண்ணன், சித்தப்பா, இன்னும் இரண்டு பேர். எதிர் வக்கீல் கேள்வி கேட்க, இவர்கள் தலையசைக்க, அவள் பதில் சொல்ல, ஜீவனாம்சம் வேண்டாம் என்பது வரைக்கும் போய்விட்டது. அண்ணனுக்கு வழக்கு சீக்கிரம் முடிந்தால் சரி. பிறகு ஒரு விசேஷத்தில் பார்த்தபோது அவள் என்னிடம் சொன்னது இதுதான்: ‘அவ்ளோ தூரம் அலைஞ்சது கொடுமைதான் பெரியப்பா. ஆனா அங்க கூண்டுல நான் தனியா நின்னேன். வீட்ல என்னைத் தனியா விடலை.’

இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தீர்ப்புகளின் நியாயமும் இருக்கிறது. அலைச்சல் கொடுமை என்றது மார்ச் தீர்ப்பு. மூடிய அறை வேண்டும் என்றது அக்டோபர் தீர்ப்பு. அவளுக்குத் தேவைப்பட்டது இரண்டும் சேர்ந்தது: ரயில் ஏறாமல் போகக்கூடிய தூரத்தில் ஒரு மூடிய அறை.

அந்த அறை ஏற்கெனவே இருக்கிறது. மாதிரி விதிகள் சாட்சி இருக்கும் இடத்தில் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்கின்றனவே, அவள் ஊருக்கு அருகிலுள்ள கோர்ட் வளாகத்திலேயே அந்த இடத்தை வைத்துக்கொள்ளக் கேட்கலாம். அங்கே கோர்ட் ஊழியர் இருப்பார். அண்ணனும் சித்தப்பாவும் வெளி பெஞ்சில் உட்காருவார்கள். இதைக் கேட்டுப் பெறலாம் என்பது அவளுக்கும் தெரியவில்லை, அவள் அப்பாவுக்கும் தெரியவில்லை. அவர்கள் வக்கீல் சொல்லவும் இல்லை.

பட்டு வியாபாரி சொல்லும் யோசனை

என் தொழிலில் புதுப் புடவையை போட்டோ பார்த்து வாங்கமாட்டோம். ஜரிகையின் கனமும் பட்டின் பிடிப்பும் கைக்குத்தான் தெரியும். வாங்கி முடித்த பிறகு பாக்கிக் கணக்கைத் தீர்ப்பதற்கு ஆரணிக்குப் போவதில்லை, போனிலேயே முடித்துவிடுவோம். மணவழக்கிலும் இப்படி இரண்டு வேலைகள் இருக்கின்றன. சேர்ந்து வாழ வழி உண்டா என்று பார்ப்பது முதல் வேலை. அதற்கு ஒரு முறையாவது இருவரும் ஒரே அறையில் உட்கார வேண்டும். அடி உதை நடந்த வழக்காக இருந்தால் அதையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இனி இல்லை என்று ஆன பிறகு வருவது கணக்குத் தீர்க்கும் வேலை. அதற்கு ஆயிரம் கிலோமீட்டர் அலைய வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

சமரசம் தோற்ற பிறகே காணொலி என்று 2017 அக்டோபர் தீர்ப்பு வரிசைப்படுத்தியது இந்த வகையில் சரி என்பேன். இருவரும் சம்மதிக்க வேண்டும் என்பதில்தான் எனக்குச் சங்கடம். உள்ளூரில் இருப்பவனுக்கு அலைச்சல் இல்லை. எதிராளி அலைந்து களைத்துப் போகட்டும் என்று நினைப்பவன் ஏன் சம்மதிப்பான்? திரையா நேரா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை, அதிக தூரம் பயணம் செய்ய வேண்டியவருக்கே இருப்பது நியாயம். அது மனைவியாகவும் இருக்கலாம், கணவனாகவும் இருக்கலாம். சம்மதம் கிடைக்காத இடத்தில், நீதிமன்றம் தானே அனுமதிக்கலாம் என்று அதே தீர்ப்பு விட்டுவைத்த வழியை வக்கீல்கள் துணிந்து கேட்க வேண்டும்.

நம் குடும்பங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண்ணுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. அதற்கான தேசிய உதவி எண் 15100. மூடிய அறை விசாரணை வேண்டும் என்று ஒருவர் கேட்டாலே போதும். காணொலிக்கு மனுப் போடும்போது, எந்த ஊர் கோர்ட் வளாகத்திலிருந்து பேச விரும்புகிறோம் என்று மனுவிலேயே எழுதலாம். சாட்சி சொல்லும் நேரத்தில் அறையில் உறவினர் எவரும் இருக்கக் கூடாது என்பதைப் பெண் வீட்டாரே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்துத் தரவும், காரியத்துக்குப் புரோகிதரைச் சொல்லிவிடவும் நம் சங்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். முறிந்த கல்யாணத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை; கௌரவக் குறைச்சல் என்று மூடி வைக்கிறோம். ஊரிலிருந்து வாய்தாவுக்குத் தனியாக வந்து இறங்கும் ஒரு பெண்ணுக்கோ, இங்கிருந்து ஊருக்கு ஓடி ஓடி வேலையை இழக்கும் ஒரு பையனுக்கோ, ஒரு நல்ல வக்கீலின் பெயரும், ஒரு வேளைச் சாப்பாடும், ‘இதைக் கேட்டு வாங்கலாம்மா’ என்று சொல்ல ஒரு பெரியவரும் கிடைத்தால் அது பெரிய உதவி. அடுத்த ஆண்டு மலர் வெளிவருவதற்குள் சங்கத்தில் இதற்கென்று இரண்டு பேரையாவது பொறுப்பாக நியமிக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.